விலை கூறும் உரிமை



சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களிலே பொருளை உண்டாக்குவோர் ஒருவர். அப்பொருளுக்கு விலை கூறுவோர் வேறொருவர். இறக்குவானையிலும் காவத்தையிலும் பலாங்கொடையிலும் பனி நீங்குமுன் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண், தான் எடுத்த கொழுந்து கொழும்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்பதை அறியாள். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் விடியற்காலையில் மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டும் தொழிலாளிக்கும் அதே நிலைதான். கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறைகள் வந்து போயின. நாட்சம்பளம் இவ்வளவு என்று சட்டமும் சபைகளும் பேச்சுவார்த்தைகளும் தீர்மானித்தன. 2024ஆம் ஆண்டில் அது 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், தராசிலே கழிவு, ஓய்வு நாளில் எடுத்தால் கைக்காசு. இவை யாவும் பிறர் வகுத்த கணக்குகள். உழைத்தவர் தம் உழைப்புக்குத் தாமே விலை கூறிய நாள் அவ்வாழ்க்கையில் மிக அரிது.

இந்த வரலாற்றின் பின்னணியிலே ஒரு புதிய கேள்வி இன்று எழுகின்றது. தோட்டப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகள் கணினிக் கல்வியை நாடிச் செல்கின்றனர். பெலிஹுல்ஓயாவிலே அமைந்துள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலும் கணினிக் கல்விக்கெனத் தனிப் பீடம் உண்டு. இவ்வாறு கற்ற இளைஞர் இருவர் மூவர் கூடி, ஒரு கம்பெனியின் கீழ்ச் சம்பளத்துக்கு நில்லாமல், தாமாகவே ஒரு கணினி விளையாட்டை ஆக்கிவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். படம் வரைந்தவர் ஒருவர். இசை அமைத்தவர் ஒருவர். கணினிக்கு ஆணைகள் எழுதியவர் ஒருவர். பொருள் ஆயத்தம். இனி அதற்கு என்ன விலை?

அவர்கள் வாயில் பெரும்பாலும் முதலில் வரக்கூடிய விடை, "நம்முடையதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? சும்மாவே கொடுத்துவிடுவோம்," என்பதாகும். இவ்விடை பணிவிலிருந்து பிறந்ததுபோலத் தோன்றும். ஆயினும் அதன் வேரை ஆராய்ந்தால், தன் உழைப்பின் பெறுமதியைப் பிறரே கூறவேண்டும் என்ற நெடுநாட் பழக்கம் அங்கே மறைந்து கிடப்பதைக் காணலாம். அந்தப் பழக்கத்தை விட்டு விலை கூறுவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணினி விளையாட்டு என்றதும் பிள்ளைகளின் பொழுதைப் பாழாக்கும் பொருள் என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். அவர்கள் "வெண்பா" என்னும் விளையாட்டைப் பற்றி அறிதல் நன்று. கனடாவின் டொரண்டோ நகரில் அபி என்னும் தமிழர் தலைமையில், விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் அதனை ஆக்கினர். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையற் குறிப்பேட்டைத் துணையாகக் கொண்டு இட்லி முதலிய உணவுகளைச் சமைப்பதும், அவளுக்கும் அந்நாட்டிலே வளரும் மகனுக்கும் இடையே மொழியும் மனமும் விலகிப் பின் நெருங்குவதுமே அதன் கதை. 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அது வெளிவந்தது. மறு ஆண்டு பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமாகிய பாஃப்டா, சிறந்த முதற் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கிற்று. அதன் விலை 15 டாலருக்கு ஒரு சதம் குறைவு. தமிழ்ப் பெயர் தாங்கி, தமிழ் வீட்டுச் சமையலறையைக் காட்டிய ஒரு சிறு படைப்பு, உலகச் சந்தையிலே தலை நிமிர்ந்து தன் விலையைக் கூறிற்று என்பதே இங்கு கருதத்தக்கது.

விலையை வகுக்குமுன், விற்ற பணத்தில் ஆக்கியவர் கைக்கு வருவது எவ்வளவு என்பதை அறியவேண்டும். இதனைச் சப்பிரகமுவ மக்களுக்கு விளக்குதல் எளிது. இம்மாகாணத்தின் தேயிலைச் சிற்றுடைமையாளர் தம் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கின்றனர். தேயிலை விற்ற நிகரச் சராசரி விலையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கும், 32 பங்கு தொழிற்சாலைக்கும் என்பது அங்குள்ள பங்கீட்டு முறை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் பெரிய இணையக் கடையின் கணக்கும் இதற்கு மிக அண்மையதே. அங்கே ஆக்கியவருக்கு 70, கடைக்கு 30. ஒரு விளையாட்டின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகையில் கடை 25 மட்டும் எடுக்கும். 5 கோடியைத் தாண்டினால் 20 மட்டும் எடுக்கும். கொழுந்து குறைந்தவருக்கே கழிவு கூடுதல் என்ற பழைய நியதி இங்கும் உண்டு போலும்! எபிக் என்னும் கடை 2018ஆம் ஆண்டு இறுதியில் 12 பங்குக்கே விற்றுத் தருவதாகக் கூறிக் கடை திறந்தது. இட்ச் என்னும் சிறிய கடையோ, கடைக்கு எவ்வளவு பங்கு என்பதையே ஆக்கியவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கைத்தொலைபேசி விளையாட்டுகளை விற்கும் கூகிள், ஆப்பிள் கடைகளிலே சிறு ஆக்குநரிடம் 15 பங்கு அறவிடும் ஏற்பாடு 2021 முதல் உண்டு.

கடைக்குள் நுழைவதற்கும் கட்டணம் உண்டு. ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர். விற்பனை 1,000 டாலரை எட்டினால் அத்தொகை திரும்பி வரும். கூகிள் கடையில் ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். முதற் படைப்பை ஆக்கிய தோட்ட இளைஞருக்கு இவை சிறு தொகைகள் அல்ல. ஆகையால் எந்தக் கடையில் முதலில் பொருளை வைப்பது என்பதும் சிந்தித்துச் செய்யவேண்டிய காரியமே. கட்டணமில்லாத சிறு கடையில் ஒரு சிறு படைப்பை வைத்துக் கைபழகிய பின்னர் பெரிய கடைக்குச் செல்வது பலர் கண்ட வழி.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இருவர் 12 மாதம் உழைத்தனர். ஒருவருக்கு மாதம் 60,000 ரூபாய் என்று மதித்தால் 14 இலட்சத்து 40,000 ரூபாய். இசைக்கும் கட்டணங்களுக்கும் மேலும் 60,000. ஆக மொத்தம் 15 இலட்சம். கணக்கின் எளிமைக்காக ஒரு டாலரை 300 ரூபாயாகக் கொண்டால் 5,000 டாலர் ஆகின்றது. கடைப் பங்கும், வாங்கியவர் திருப்பிக் கொடுப்பதும், வரிப் பிடிப்பும், வங்கிச் செலவும் நீங்கி, விலையில் நூற்றுக்கு 60 கைக்கு வருவதாகக் கொள்வோம். விலை 1 டாலர் ஆயின், உழைத்த கூலி மட்டும் திரும்புவதற்கே 8,334 பிரதிகள் விற்கவேண்டும். விலை 5 டாலர் ஆயின் 1,667 பிரதிகள் போதும். விலை 10 டாலர் ஆயின் 834 பிரதிகள் போதும். விலையை ஐந்தில் ஒன்றாகக் குறைப்பவர் வாங்குவோரை ஐந்து மடங்கு பெருக்கியாக வேண்டும். பெயர் அறியாத இருவரின் படைப்பை, விலை மலிவு என்பதற்காகவே 8,000 பேர் தேடி வருவரா? வரமாட்டார். அவர்களை வரவழைப்பது படைப்பின் சிறப்பும், அதனைப் பற்றிய செய்தியும் ஆகும். செய்தி எட்டாத இடத்தில் மலிவு தனியே நின்று எதனையும் விற்றுவிடாது.

இக்கணக்கிலே மிக முக்கியமானது முதல் வரி. அது, தன் மாதங்களுக்குத் தானே ஒரு கூலியை எழுதும் வரி. பலர் அவ்வரியை எழுதாமலே விடுகின்றனர். "அது எங்கள் ஓய்வு நேரத்தில் செய்தது," என்பர். ஓய்வு நேரத்தில் எடுத்த கொழுந்துக்கும் கைக்காசு உண்டு என்பதை அவர்களுடைய தாய்மார் அறிவர். அந்த வரியை எழுதியதனால் அவ்வளவும் வந்துவிடும் என்பது பொருளன்று. எழுதாவிடின், எவ்வளவு இழந்தோம் என்பதுகூடத் தெரியாமற் போகும் என்பதே பொருள்.

விலையை முழுவதும் வாங்குவோர் மனத்துக்கே விட்டால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. "வேர்ல்ட் ஆஃப் கூ" என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஆக்கிய சிறு குழுவினர், 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் முதலாண்டு நிறைவையொட்டி, 20 டாலர் விலையுள்ள அப்பொருளை விரும்பியதைக் கொடுத்துப் பெறலாம் என்று அறிவித்தனர். சுமார் 57,000 பேர் வாங்கினர். பல்லாயிரவர் ஒரே ஒரு சதத்தைக் கொடுத்தனர். சராசரி விலை 2 டாலர் அளவிலேயே நின்றது. எனினும் இதனைத் தோல்வி என்று கூறுதல் பொருந்தாது. ஓராண்டுக் காலம் உரிய விலைக்கு விற்று, வாங்கக் கூடியோர் வாங்கிய பின்னரே அவர்கள் அதனைச் செய்தனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதே விளையாட்டு வேறு சிலவற்றோடு ஒரு கட்டாகச் சேர்க்கப்பட்டு, அறச்செயலுக்கும் ஒரு பங்கு என்ற அறிவிப்போடு, விரும்பிய விலைக்கு விற்கப்பட்டது. 12 இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. விலையை விட்டுக்கொடுப்பது ஒரு பெருவிழாவாக அமையலாம். அதுவே அன்றாட வியாபாரமாக அமைதல் ஆகாது.

ஆதலின் உரிய விலையில் தொடங்கிப் பின் மெல்ல இறங்குதல் வேண்டும் என்பது ஒரு விதி. மிகத் தாழ்ந்த விலையில் தொடங்கியவர் ஏறுவது கடினம். ஏறினால் முன் வாங்கியவர் முகத்திலும் பின் வாங்குபவர் முகத்திலும் ஐயம் தோன்றும். இவ்விதிக்கு ஒரு சிறந்த விலக்கும் உண்டு. சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் ஆக்கிய "மைன்கிராஃப்ட்" முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் சுமார் 10 யூரோ. 2010 டிசம்பரில் சுமார் 15. 2011 நவம்பரில் முழுமையடைந்தபோது சுமார் 20. வீடு வளர வளர வாடகை உயர்வதுபோல விலை உயர்ந்தது. அரைகுறையான நாளிலே நம்பி வாங்கியவருக்கு அது நன்றிக்கடன். பின்னர் வந்தவருக்கு நிறைவான பொருள். விலை உயர்வதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. விலை ஏறுவதாயினும் இறங்குவதாயினும் அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான நீதி.

அளவும் விலையும் பற்றிய இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். 2015ஆம் ஆண்டு முதல் இவ்விதி நடப்பில் உள்ளது. வாங்குவோருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆயினும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் சிறுகதை போன்ற விளையாட்டை ஆக்கியவர் நிலை என்ன? 2021ஆம் ஆண்டு "சம்மர் ஆஃப் 58" என்ற விளையாட்டை ஆக்கிய எமிகா கேம்ஸ், பலர் அதனை முடித்து மகிழ்ந்த பின்னரும் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டதாகக் கூறி, இத்தொழிலை விட்டு நீங்குவதாக அறிவித்தது. "வெண்பா"வும் நீளத்தில் அத்தகைய சிறு படைப்பே. ஆயினும் அதனை ஆக்கியோர் ஒரு கடையை மட்டும் நம்பியிருக்கவில்லை. நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கருவிகளிலும் அதனை வெளியிட்டனர். மாதச் சந்தா கட்டியோர் விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் என்னும் திட்டத்திலும் முதல் நாளிலேயே சேர்த்தனர். அத்தகைய திட்டங்களிலே சேருவோருக்கு ஒப்பந்தப்படி பணம் கிடைக்கும். ஒரே மரத்தில் பால் வெட்டி வாழ இயலாது என்பதை இறப்பர்த் தோட்டத்தார்க்குக் கூறவேண்டுவதில்லை.

விலையே இல்லாமல் கொடுத்து, இடையிடையே விளம்பரங்களைக் காட்டி வருமானம் பெறும் முறையும் உண்டு. வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டொங் நுயென் தனியொருவராக ஆக்கிய "ஃபிளாப்பி பேர்ட்" இவ்வகையது. நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை வந்ததாக அவரே கூறினார். 2014 பிப்ரவரியில், புகழும் ஏச்சும் தாங்காமல், தாமாகவே அதனைக் கடையிலிருந்து எடுத்தும் விட்டார். இச்செய்தியைக் கேட்ட இளைஞர் பலர் அவ்வழியே செல்ல விரும்புவர். ஆனால் விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மிகச் சிறு காசு. பல இலட்சம் பேர் மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கும் பொருளுக்கே அது பயன் தரும். ஒரு தாயின் கதையையோ ஒரு தோட்டத்தின் கதையையோ ஒருமுறை ஆழ்ந்து கூறும் படைப்புக்கு அது ஏற்றதன்று. எந்தப் பொருளுக்கு எந்தச் சந்தை என்று தெரிந்து செல்லுதல் அறிவுடைமை.

விலை சரியாயினும் விற்பனை தானாக நடந்துவிடாது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, அச்சிட்டுத் தோட்ட மக்களிடையே பரப்பினர். மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே அப்பாடல்களைத் தாமே பாடினார். பாட்டைக் காது கேட்ட பின்னரே கை நூலை நாடும். இன்றைய கடைகளிலும் இதே முறை வேறு உருவில் நடைபெறுகின்றது. விளையாட்டின் முதற் பகுதியை மாதிரியாக எவரும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். வெளிவருமுன்பே அதற்கெனக் கடையில் ஒரு பக்கம் திறந்து வைக்கலாம். பிடித்தவர்கள் தம் விருப்பப் பட்டியலில் அதனைச் சேர்ப்பர். வெளிவரும் நாளிலும், நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் விலை குறையும் நாளிலும் கடையே அவர்களுக்கு அறிவித்தல் அனுப்பும். புதிய விளையாட்டுகளின் மாதிரிகளுக்கென ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று விழாக்களும் நடத்துகின்றது. ஆகவே இலவசம் முழுவதும் விலக்கத்தக்கதன்று. ஒரு பகுதியை மனமாரக் கொடுத்து, முழுமைக்கு உரிய விலையைத் தயங்காமல் கேட்டல் வேண்டும். ஆக்குவதற்கு ஓராண்டு செலவிட்டவர், அறிவிப்பதற்கு ஆறு மாதமாவது முன்னரே தொடங்குதல் நன்று. பொருளை முடித்த பின்னர் வாங்குவோரைத் தேடப் புறப்படுபவர், பிரட்டுக் கலைந்த பின் பேர் கேட்டு நிற்பவரை ஒப்பர்.

விற்பனைக் கலை தெரியாத இளைஞரிடம் வெளியீட்டாளர் என்போர் வருவதுண்டு. முற்பணம் தருவர், விளம்பரம் செய்வர், விற்பனையில் ஒரு பங்கு கேட்பர். அவர்களுள் நல்லோர் பலர் உண்டு. ஆயினும் முற்பணம் என்பது பரிசன்று. பின்வரும் வருமானத்திலிருந்து அவர்கள் முதலில் கழித்துக்கொள்ளும் தொகை. தோட்ட வரலாற்றை அறிந்தோருக்குத் துண்டு முறை நினைவுக்கு வரும். தொழிலாளியின் கடனை எழுதிய அச்சிறு துண்டுக் காகிதமே அவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிற்று. கடன் யாரால் வளர்ந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதை அவன் அறியான். 1921ஆம் ஆண்டு சட்டம் அம்முறையை ஒழித்தது. நூறாண்டு கழிந்து, படித்த பேரப்பிள்ளைகள் படித்துப் பாராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பொருந்துமா? முற்பணம் எவ்வளவு, அதனைக் கழிக்கும்வரை தமக்கு ஏதும் வருமா, விளம்பரச் செலவு யார் கணக்கில் ஏறும், எத்தனை ஆண்டுக்குப் பின் உரிமை திரும்பும், பெயரும் பாத்திரங்களும் யாருக்குச் சொந்தம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறாமல் எவரும் ஒப்பமிடலாகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆக்கியவர் தாமே எழுதிக் கொடுத்துவிட்ட உரிமையை எச்சட்டமும் எளிதில் மீட்டுத் தராது.

பிறரோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு முன்னர்த் தமக்குள் செய்ய வேண்டிய ஒப்பந்தமும் ஒன்றுண்டு. இதற்கு இரத்தினபுரி மாணிக்கக் குழிகளே ஆசான். நிலக்காரருக்கு இவ்வளவு, நீரிறைக்கும் இயந்திரக்காரருக்கு இவ்வளவு, குழியில் இறங்கியவருக்கு இவ்வளவு என்று பங்கு பேசிய பின்னரே மண்வெட்டி நிலத்தில் இறங்கும். கல் கிடைத்த பின் பங்கு பேசுவது கலகத்துக்கு வித்து என்பதை அவ்வூரார் நன்கு அறிவர். விளையாட்டை ஆக்கும் நண்பர்களும், கல் கிடைக்குமா கிடையாதா என்று தெரியாத அந்த நாளிலேயே, படத்துக்கு எவ்வளவு, இசைக்கு எவ்வளவு, நிரலுக்கு எவ்வளவு, இடையில் விலகுபவருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி ஒப்பமிடுதல் வேண்டும். அது நட்பைச் சந்தேகிப்பதாகாது, நட்பைக் காப்பதாகும்.

இனி, மனச்சாட்சியைத் தொடும் கேள்வி ஒன்று எஞ்சுகின்றது. 15 டாலர் என்பது, டாலரை 300 ரூபாயாகக் கொண்டால், 4,500 ரூபாய். 2024ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது மூன்று நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. தோட்டத்தின் கதையைக் கூறும் விளையாட்டைத் தோட்டத்துப் பிள்ளை வாங்க இயலாதெனில் அது யாருக்கான படைப்பு? இதற்கும் வழி உண்டு. ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்கப் பெரிய கடைகள் இடமளிக்கின்றன. டொரண்டோவிலும் இலண்டனிலும் உள்ளவருக்கு முழு விலை. இலங்கைக்கும் அயல்நாடுகளுக்கும் அந்நாட்டு வருவாய்க்கு ஏற்ற விலை. பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் வேண்டுமாயின் இலவசமாகவே கொடுக்கலாம். யாருக்கு, ஏன் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பது கொடை. கேட்கக் கூச்சப்பட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுவது கொடையாகாது. செல்வ நாட்டவர் கொடுக்கும் முழு விலையே, உள்ளூரவருக்குக் குறைத்துக் கொடுக்கும் வலிமையை ஆக்கியவருக்கு அளிக்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

வரியையும் வங்கியையும் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கடையின் வழியாக அமெரிக்கருக்கு விற்கும் தொகையில் அந்நாட்டு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இரட்டை வரி உடன்படிக்கை 2004 முதல் நடப்பில் உள்ளது. கடை கேட்கும் வரிப் படிவத்தை உரியவாறு நிரப்பியவருக்கு அப்பிடிப்புக் குறையும். அசட்டையாக விட்டவருக்குக் கூடும். வெளிநாட்டுப் பணம் தம் வங்கிக் கணக்குக்கு எவ்வழியே வரும், அதற்கு என்ன செலவு, உள்நாட்டு வரி என்ன என்பவற்றை முதற் பிரதி விற்குமுன் வங்கியிலும் இறைவரித் திணைக்களத்திலும் கேட்டறிதல் தகும்.

இவ்வளவும் செய்தால் செல்வம் குவிந்துவிடுமா? அவ்வாறு எவரும் உறுதி கூற இயலாது. அமெரிக்கரான எரிக் பரோன் தனியொருவராக நாலரை ஆண்டு உழைத்து, 2016 பிப்ரவரியில் "ஸ்டார்டியூ வேலி" என்னும் பயிர்த்தொழில் விளையாட்டை வெளியிட்டார். விலை 15 டாலருக்கு ஒரு சதம் குறைவு. பல ஆண்டுகளாக புதிய பகுதிகளை இலவசமாகச் சேர்த்துவந்தார். 2024 இறுதிக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. அத்தகைய மாணிக்கம் ஆயிரம் குழிகளில் ஒன்றிலே கிடைக்கும். ஏனைய குழிகளிலே செலவு திரும்பினாலே பேறு. ஆகவே முதற் படைப்பு சிறிதாயிருக்கட்டும். அதற்காகக் கடன் வாங்குதல் வேண்டா. சம்பளத் தொழிலை உடனே விடுதலும் வேண்டா.

பெற்றோரும் ஆசிரியரும் இவ்விடயத்தில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாடசாலைக் கண்காட்சியில் மாணவன் ஒருவன் தான் ஆக்கிய பொருளைக் கொண்டுவந்தால், "நன்று" என்று முதுகில் தட்டுவதோடு நில்லாமல், "இதற்கு எத்தனை நாள் சென்றது? உன் நாளுக்கு என்ன கூலி எழுதினாய்?" என்றும் கேட்கட்டும். பெண்பிள்ளைகளிடம் இக்கேள்வியைச் சிறப்பாகக் கேட்டல் வேண்டும். ஏனெனில், கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகு அவர்களுடைய தாய்மாரின் முதுகே. வாங்குபவர் அவ்விலையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்துக் கேட்கலாம். அது சந்தையின் உரிமை. முதற் சொல்லாக விலையைக் கூறுவது உழைத்தவரின் உரிமை. அவ்வுரிமையைப் பெற்றோர் அறியாத நாளிலே உழைத்தோரின் பிள்ளைகள், அதனைக் கணக்கறிந்து, கூச்சம் நீங்கி, நேர்மையோடு பயன்படுத்துவார்களாக.